கேளுங்கள், சொல்கிறேன்: குதிக்காமல் மூச்சு வாங்கும் வகுப்பு

போன இதழில் முழங்கால் வலி பற்றிய பதிலில், குதிக்காத பிலாட்டீஸ் கார்டியோ வகுப்பு ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (பிலாட்டீஸ் என்பது பெரும்பாலும் பாயில், மூச்சோடு சேர்த்து நிதானமாகச் செய்யும் பயிற்சி; கார்டியோ என்றால் இதயத் துடிப்பை ஏற்றும் பயிற்சி.) இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிக்குத்தான். குதிகால் வலிக்காரர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நிறையப் பேர் 'டாக்டரம்மா' என்று எழுதுகிறீர்கள். நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

முதல் கடிதம்: எனக்கு 49 வயது. எங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் 'லோ-இம்பாக்ட் பிலாட்டீஸ் கார்டியோ' என்று 45 நிமிட வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமலே மகள் பெயர் கொடுத்துவிட்டாள். மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கும். ஜும்பாவுக்குப் போய் மறுநாளே நின்றவள் நான். இதில் குதிக்கவே மாட்டார்களாம். குதிக்காமல் எப்படி மேடம் கார்டியோ? முதல் நாள் என்ன நடக்கும் என்று சொன்னால் பயம் கொஞ்சம் தெளியும்.
வாசகி, வேளச்சேரி

மகளை ஒரு திட்டு திட்டிவிட்டு, வகுப்புக்குப் போங்கள்.

நீங்கள் குதிக்கிறீர்களா இல்லையா என்பது இதயத்துக்குத் தெரியாது. தொடை, பிட்டம், முதுகு என்று பெரிய தசைகள் ஒன்றாக வேலை செய்து ஆக்சிஜன் கேட்டால் அது வேகமாக அடிக்கும், அவ்வளவுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நடக்கும்போது எடைக்குச் சற்று மேல்தான். நிற்கும் பயிற்சிகளில் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருப்பதால் அந்த மோதல் உங்கள் முழங்காலுக்கு வராது. ஆனால் வேர்க்கும். சும்மா கையைக் காலை ஆட்டிவிட்டு வரலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

வழக்கமான பிலாட்டீஸில் ஒவ்வொரு அசைவையும் நிதானமாக, குறைந்த எண்ணிக்கையில் செய்து, மூச்சு விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம். அதில் நாடித் துடிப்பு பெரிதாக ஏறாது. கார்டியோ வகுப்பில் அந்த இடைவெளியை எடுத்துவிடுவார்கள். முதலில் நின்றபடி மூச்சு: மூக்கால் இழுத்து, விலா எலும்புகளைக் குடை விரிவதுபோல் பக்கவாட்டில் விரித்து, வாயால் விட வேண்டும். அப்புறம் தலையிலிருந்து ஆரம்பித்து முதுகை மெல்ல மெல்லச் சுருட்டிக் குனிந்து நிமிர்வது. பிறகு பக்கவாட்டில் அடி வைப்பது, நாற்காலியில் உட்காருவதுபோல் இறங்கி எழும் ஸ்குவாட், ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடிக்கும் லஞ்ச், முழங்காலைத் தூக்குவது. கையும் சேர்ந்தே ஓடும். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பாய்க்கு வரச் சொல்வார்கள். அங்கே மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், ஒருக்களித்துப் படுத்துக் காலை வீசுவது, கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பிளாங்க், குப்புறப் படுத்து நீச்சல் அடிப்பதுபோல் கைகாலை அசைப்பது. மறுபடி எழுந்து நிற்க வேண்டும். மறுபடி பாய்.

புதிதாக வருகிறவர்கள் திணறுவது ஸ்குவாட்டிலும் இல்லை, பிளாங்கிலும் இல்லை. பாயில் படுப்பதும் பாயிலிருந்து எழுவதும்தான் அவர்களுக்குப் பெரும்பாடு. சாப்பாடு டைனிங் டேபிளில், கழிவறை வெஸ்டர்ன், காய் நறுக்குவது மேடையில், பூஜைக்குக்கூட முக்காலி போட்டாயிற்று. நாற்பது தாண்டிய பலர் தரையில் உட்கார்ந்தே வருஷக்கணக்காகிறது. 'எழுந்திருங்க' என்று டீச்சர் சொன்னதும் இரண்டு கையையும் முன்னால் ஊன்றி, முழங்காலை முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே உந்தில் எழுகிறார்கள். முழங்கால் பிடிப்பதும் கண் இருட்டுவதும் அந்த நொடியில்தான். பழி மட்டும் ஸ்குவாட் மேல் விழும்.

மல்லாந்து படுத்திருந்தால் நேராக எழ வேண்டாம். முழங்காலை மடித்து, ஒரு பக்கமாக உருண்டு ஒருக்களியுங்கள். மேலே இருக்கும் கையைத் தரையில் ஊன்றித் தள்ளி உட்காருங்கள். அங்கிருந்து உள்ளங்கை இரண்டும் முழங்கால் இரண்டும் ஊன்றி நாலு காலுக்கு வாருங்கள். முழங்கால் உறுத்தினால் பாயின் ஓரத்தை இரண்டாக மடித்து அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். இப்போது வலி குறைவான காலை முன்னால் கொண்டுவந்து, பாதத்தை முழுதாகப் பதியுங்கள். இரண்டு கையையும் அந்தத் தொடைமேல் வைத்து, பின்கால் விரல்களை மடித்து ஊன்றி, வாயால் மூச்சை விட்டபடியே எழுந்திருங்கள். எழுந்ததும் அடுத்த அசைவுக்குத் தாவ வேண்டாம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் நின்றுவிட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். அதற்குள் மற்றவர்கள் நாலு ஸ்குவாட் போட்டிருப்பார்கள். போட்டுக்கொள்ளட்டும்.

வகுப்புக்கு இன்னும் நாள் இருந்தால் இதை மட்டும் வீட்டில் பழகுங்கள். பக்கத்தில் கனமான மர நாற்காலி ஒன்று இருக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பிடித்தால் கூடவே சரியும்.

மாடி இறங்கும்போது வலிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் இருந்து வரும் வலி அது. முழங்காலை ஆழமாக மடித்தால் கூடும். அதனால் ஸ்குவாட்டில் பாதி ஆழம் போதும். முழங்கால் முன்னால் போவதற்கு முன் இடுப்பு பின்னால் போக வேண்டும். பின்னால் நிஜமாகவே ஒரு நாற்காலியைப் போட்டுப் பழகினால் பிடிபட்டுவிடும். லஞ்ச் வலித்தால் விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றிப் பின்னால் நீட்டுங்கள். தசை எரியலாம், நடுங்கலாம், பரவாயில்லை. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்த அசைவு உங்களுக்கு இல்லை. மறுநாள் முழங்கால் வீங்கியிருந்தால் அடுத்த வகுப்பில் பாதியாகக் குறையுங்கள். வீக்கம் வடியவில்லை என்றால் ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போய் டீச்சரிடம் முழங்கால் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கூச்சத்தில் கடைசி வரிசைக்குப் போய் ஒளியாதீர்கள். அங்கே நீங்கள் தப்பாகச் செய்தாலும் அவர் கண்ணில் படாது. இரண்டாவது வரிசை ஓரம்தான் புதியவர்களுக்குச் சரியான இடம்.

வயது 61, பணி ஓய்வு பெற்றவன். பி.பி.க்கு மாத்திரை எடுக்கிறேன். மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்லிவிட்டார். மருமகளோடு இந்த வகுப்புக்குப் போனேன். மூச்சு வாங்குகிறது, சட்டை நனைகிறது, ஆனால் கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பு 95-ஐத் தாண்டவில்லை. 'அப்போ இது கார்டியோவே இல்லை மாமா' என்கிறாள். தவிர, வகுப்பில் நான் ஒருவன்தான் ஆண்.
வாசகர், கோயம்புத்தூர்

மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரலால் என்று எழுதியிருந்தால் அது பீட்டா பிளாக்கர் வகை. நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. உங்கள் கடிகாரத்துக்கு அது தெரியாது. பொதுவாக 220-லிருந்து வயதைக் கழிப்பார்கள், உங்களுக்கு 159. அதில் 64 முதல் 76 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 102 முதல் 121 வரை, மிதமான உழைப்பு என்பது கணக்கு. பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அட்டையில் வேறு மருந்து இருந்தாலும், கையை வீசும்போதும் பிளாங்கில் மணிக்கட்டை மடிக்கும்போதும் கடிகாரம் தப்பாகக் காட்டுவது சகஜம்.

பேசிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. பக்கத்துப் பாயில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடும் உழைப்பு. முதல் சில வாரங்கள் பேச முடிகிற அளவிலேயே இருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும். இரண்டு வகுப்பும் மிச்ச நாளில் ரேஸ் கோர்ஸ் பக்கம் வேக நடையும் போனால் அந்தக் கணக்கில் வந்துவிடுவீர்கள்.

பி.பி. இருப்பவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. பிளாங்கில் மூச்சைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் எகிறும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக வெளியே போகும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் என்று எது வந்தாலும் நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் 108-க்கு அழைக்க வேண்டும், வகுப்பு முடியட்டும் என்று பார்க்கக் கூடாது.

ஆண் ஒருவர்தான் என்ற கூச்சம் வேண்டாம். இதைக் கண்டுபிடித்தவரே குத்துச்சண்டை தெரிந்த ஒரு மனிதர். அவரைப் பற்றி அடுத்த பதிலில்.

சூரிய நமஸ்காரம் இருக்கும்போது இந்த வெளிநாட்டுச் சரக்கு எதற்கு? காசு பிடுங்கும் வேலைதானே?
வாசகர், தஞ்சாவூர்

தினமும் சூரிய நமஸ்காரம் ஒழுங்காகச் செய்கிறவர் என்றால் உங்களுக்கு இது தேவையில்லை. பின்னால் எகிறிக் குதிக்காமல் காலை ஒவ்வொன்றாக வைத்து, இடைவிடாமல் பல சுற்று செய்தால் அதுவும் குதிக்காத கார்டியோதான். காசும் மிச்சம். தினமும் செய்கிறீர்களா என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

சரக்கு வெளிநாடுதான். ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியில் மோன்ஷன்கிளாட்பாக் ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைத்தார்கள். இடமும் இல்லை, கருவியும் இல்லை. அந்தச் சூழலில் சக கைதிகளோடு தரையில் செய்து வளர்த்த பயிற்சி இது. 1926-ல் நியூயார்க் போய் எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் திறந்தார். நடன மணிகள் காயத்தோடு அவரிடம் வந்தார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி'. பிலாட்டீஸ் என்பது பிற்பாடு நிலைத்தது. 1945-ல் வெளியிட்ட புத்தகத்தில் 34 பாய்ப் பயிற்சிகள் கொடுத்திருக்கிறார். அதில் ரோல் ஓவரைப் பார்த்தால் நம் ஹலாசனம், ஸ்வானைப் பார்த்தால் புஜங்காசனம் என்று நீங்களே சொல்வீர்கள். ஆசனத்தில் நிலைக்கு வந்து இருப்போம். இதில் நிற்காமல் அசைந்துகொண்டே இருப்போம், மூச்சுக்கும் எண்ணிக்கை உண்டு. கார்டியோ என்ற ஒட்டு இப்போது சேர்ந்தது. அவர் புத்தகத்தில் அது இல்லை.

சிசேரியன் ஆகி ஐந்து மாதம். டாக்டர் உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டார். தொப்பை இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த வகுப்பில் சேரலாமா அக்கா?
வாசகி, மதுரை

சேரலாம்மா. அதற்கு முன் வீட்டில் ஒன்று பார்த்துவிடு. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொள். தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் விரல் நுனிகளை வைத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கு. இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவயிறு கூரை மாதிரி மேலே கூம்பிக்கொண்டு வந்தாலோ, வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். அப்படி இருந்தால் நேராக இந்த வகுப்புக்குப் போகாமல் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டு. பிரசவத்துக்குப் பிறகு இது சர்வ சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதோடு முழு பிளாங்க், இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்குவது, சிட்-அப் எல்லாம் செய்தால் வயிறு இன்னும் தள்ளும்.

தசை சேர்ந்திருந்தாலும் முதல் மாதம் பிளாங்கைச் சுவரில் கை ஊன்றிச் செய். வயிறு கூம்புகிற எந்த அசைவையும் விட்டுவிடு. ஸ்குவாட்டிலோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் 'பிள்ளை பெற்றால் அப்படித்தான்' என்று வீட்டில் சொல்வார்கள். கேட்காதே. இடுப்புத் தளத் தசைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே குறையும். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனால் மார்பு கனம் இருக்காது, நீயும் நிம்மதியாகச் செய்வாய்.

இங்கே ஸ்டூடியோவில் ரிஃபார்மர் கட்டிலில் படுத்துக்கொண்டு குதிக்கும் வகுப்பு இருக்கிறது. அதையும் லோ-இம்பாக்ட் கார்டியோ என்கிறார்கள். குதித்தால் எப்படி?
வாசகி, தோ பாயோ, சிங்கப்பூர்

அது ஜம்ப்போர்டு. ரிஃபார்மர் கட்டிலில் முன்னும் பின்னும் நகரும், ஸ்பிரிங் மாட்டிய வண்டியில் மல்லாந்து படுத்து, காலடியில் இருக்கும் பலகையை உதைத்தால் வண்டி பின்னால் போய்த் திரும்பி வரும். உடல் எடை வண்டி மேல் கிடப்பதால், கால் பலகையில் இறங்கும்போது தாங்க வேண்டியது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் இழுப்பைத்தான். நின்று குதிப்பதைவிட மூட்டுக்கு மிகவும் லேசு. விரல், பாத முன்பகுதி, குதிகால் என்ற வரிசையில் சத்தம் வராமல் இறங்க வேண்டும். 'டொப்'பென்று கேட்டால் தப்பு. ரிஃபார்மரில் ஏறியதே இல்லை என்றால் ஜம்ப்போர்டில் ஆரம்பிக்க வேண்டாம். சாதாரண ரிஃபார்மர் வகுப்பில் ஸ்பிரிங் மாற்றவும் ஏறி இறங்கவும் கற்றுக்கொண்டு போங்கள். நகரும் வண்டியில் காலை வைத்து வழுக்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதல் வகுப்பிலேயே 'ஹண்ட்ரட்' செய்ய வைத்தார்கள். கழுத்து வலிக்கிறது என்றேன். 'நிறுத்தாதீங்க, வலிச்சாத்தான் பலன்' என்று மைக்கில் கத்தினார். நாலைந்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்று மாதப் பணத்தைக் கட்டிவிட்டேன்.
வாசகி, திருச்சி

படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. ஹண்ட்ரட் என்பது மல்லாந்து தலையையும் தோளையும் தூக்கி, காலை நீட்டி, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து ஐந்து எண்ணிக்கைக்கு விட்டு, பத்துச் சுற்றுக்குக் கையை மொத்தம் நூறு முறை அடிப்பது. புதியவர்களுக்கு வயிறு சீக்கிரம் கைவிட்டுவிடும். பாரம் முழுதும் கழுத்துக்குப் போகும். வலி வந்ததும் தலையைக் கீழே வைத்துக்கொண்டு கையை மட்டும் அடித்தால் போதும். தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்று, கால் மடித்தபடி தரையில். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சருக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்பதுதான் சிக்கல். பிலாட்டீஸ் என்பது தனியார் வர்த்தக முத்திரை அல்ல, பொதுப் பெயர் என்று 2000-ல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. அதனால் பலகையைப் பார்க்காதீர்கள், டீச்சரைப் பாருங்கள். எங்கே, எத்தனை நாள் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். நல்ல டீச்சருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். வகுப்பில் அவர் தானும் கூடவே முழுதும் செய்துகொண்டிருக்கிறாரா, இல்லை நடுவில் நடந்து வந்து உங்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பணத்தைப் பொறுத்தவரை, நடந்ததை எழுதிக் கொடுத்து வேறு டீச்சரின் வகுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள். கழுத்து வலி இன்னும் இருந்தாலோ, கையில் மரமரப்பு இருந்தாலோ, முதலில் அதைக் காட்டுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. எலும்பு அடர்த்தி குறைவு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. என்னோடு கூட்டிப் போகலாமா?
வாசகி, நாகர்கோவில்

பொது வகுப்புக்கு வேண்டாம். முதுகைச் சுருட்டிக் குனியும் அசைவுகள், ரோல் அப், பந்துபோல் உருளுவது, ரோல் ஓவர் எல்லாம் எலும்பு மெலிந்தவர்களுக்கு முதுகெலும்பில் முறிவை உண்டாக்கக்கூடும். பிலாட்டீஸில் அவைதான் ஏராளம். நின்று செய்பவை, குப்புறப் படுத்து முதுகை நிமிர்த்துபவை அம்மாவுக்கு நல்லவை. தனியாகச் சொல்லித் தரும் ஆளாகப் பாருங்கள்.

என்ன உடுத்த, என்ன சாப்பிட, எந்தப் பாய் வாங்க? ஒரு மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?
பல வாசகர்கள்

சுடிதார் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போதும். பலாஸோ வேண்டாம், லஞ்சில் காலில் மாட்டும். துப்பட்டாவைப் பையில் வையுங்கள். வெறுங்கால், அல்லது அடியில் ரப்பர் புள்ளி வைத்த கிரிப் சாக்ஸ். சாதாரண சாக்ஸ் டைல்ஸ் தரையில் வழுக்கும்.

பிலாட்டீஸ் பாய் என்று 10, 15 மி.மீ. தடிமனில் விற்கிறார்கள். படுத்துச் செய்ய முதுகெலும்புக்கு இதமாக இருக்கும், ஆனால் அதன்மேல் நின்று ஒற்றைக் காலைத் தூக்கினால் பாதம் புதைந்து தள்ளாடும். கார்டியோ வகுப்பில் பாதி நேரம் நிற்பதுதான். வீட்டில் இருக்கும் 6 மி.மீ. யோகா பாயை எடுத்துப் போங்கள், முழங்காலுக்கு ஒரு துண்டு. தடிமன் பாய்தான் இருக்கிறது என்றால் நிற்கும் பயிற்சிக்குப் பாயை விட்டு இறங்கிவிடுங்கள்.

காலை வகுப்பு என்றால் அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம். மாலை என்றால் டிபனுக்கும் வகுப்புக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி. நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்து நீச்சல் அடித்தால் நெய் ரோஸ்ட் தொண்டைக்கு வரும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றில் வராதீர்கள்.

கிலோ கேள்விக்கு: இந்த வகுப்பை மட்டும் நம்பினால் அதிகம் குறையாது. சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். முதல் வகுப்புக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடையும் பின்பக்கமும் வலித்தால், அது புதுப் பழக்கத்துக்குத் தசை கொடுக்கும் வலி, மூன்று நாளுக்குள் தணியும். அந்த நாட்களில் படுத்தே கிடக்காமல் நடங்கள். அடுத்த வகுப்பை வலி தணிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள்.

குதிகால் வலி அடுத்த இதழில். கடிதத்தில் வயதையும் எடுக்கிற மாத்திரையையும் மறக்காமல் எழுதுங்கள்.